கவுன் வீட்டு ஆன்ட்டி

அவருக்குச் 'சரி' என்ற பதில் ஆகாது.

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. யார் போனாலும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "டீ வேணுமா, வாணாமா?" என்று கேட்பார். மரியாதைக்கு "சரி ஆன்ட்டி" என்போம். அடுப்பங்கரைக்குப் போகமாட்டார். நின்ற இடத்திலேயே நின்று நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வேணுமா வாணாமான்னு கேட்டேன். சரின்னா? எனக்காவக் குடிக்கப் போறியா?"

"உங்க இஷ்டம் ஆன்ட்டி" என்றால் இன்னும் மோசம். "வயிறு ஒன்னுது, இஷ்டம் என்னுதா?" என்பார். வேணும் என்று வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு டம்ளர் நிறைய டீயும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்து ரொட்டி ஒரு துண்டும் கிடைக்கும். நான் கூச்சக்காரன். கல்லூரியில் படித்த காலத்தில் ஏதாவது வேலையாக அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். டீ குடித்தது இரண்டே முறை. கஞ்சப் பிசினாறி என்று அம்மா சொல்வாள். அது கஞ்சத்தனம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என்னவென்று தெரியாது.

அவரை நினைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. போன வியாழக்கிழமை அவருடைய கவுனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன்.

நான் மியூசியத்துக்குப் போகிற ஆள் இல்லை. மகன்தான் அனுப்பி வைத்தான். வைட்ஃபீல்டில் பதினான்காவது மாடியில் அவனோடு இருக்கிறேன். தனியாக இருக்கும் என் அக்காவை ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரேசர் டவுன் வீட்டிலிருந்து ஹொசகோட்டே போகும் வழியிலுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அக்காவுக்கு எண்பது வயது. மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உடைக்கும்வரை ஈரத்தில் கிடந்தாள். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அந்த இல்லத்தில் வெந்நீர் வருமா, கட்டில் உயரமா, இரவில் நர்ஸ் இருப்பாரா, நாற்பது பேருக்கு எத்தனை கழிவறை என்று கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் பேஜாராகிவிட்டது.

"அப்பா, அத்தை சரின்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் அலையறீங்க. ஒரு நாள் எங்கயாவது போய்ட்டு வாங்களேன்" என்றான் மகன். அவனுடைய ஆபீஸில் யாரோ கொடுத்த நுழைவுச் சீட்டையும் கையில் திணித்தான்.

ஆமாம், அக்கா சரி என்றுதான் சொல்லியிருந்தாள்.

மெட்ரோவில் வந்து இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். பழைய பங்களா ஒன்றை மியூசியமாக்கியிருக்கிறார்கள். அலங்காரப் பொருட்கள், ஆடைகள் என்று பலகையில் போட்டிருந்தது. வாசலில் செக்யூரிட்டி என் குடையைக் கேட்டார். மழை வந்தால் என்ன செய்வது என்றேன்.

"உள்ளாற மழ பெய்யாது சார். குட்ங்க, டோக்கன் தர்றேன்."

"டோக்கன் தொலைஞ்சா?"

"தொலச்சவங்க யாரும் இல்ல சார், நீங்க பஸ்ட்டா இருக்காதீங்க." நீலசந்திரா ஏரியாக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

கீழ்த்தளத்தில் மரச் சாமான்கள். கருங்காலியிலும் ஈட்டியிலும் செய்த நாற்காலிகள் பதினொன்று, ஒன்றிலும் உட்காரக் கூடாது. உட்கார அனுமதித்த ஒரே பெஞ்சுக்குச் சாய்வு கிடையாது. சந்தனப் பெட்டிகள், விளக்குக் கூண்டுகள், யாரோ ஒரு திவான் வீட்டுப் பீங்கான் தட்டுகள். அடுத்த அறையில் பொத்தான்கள் மட்டுமே ஒரு மேஜை முழுவதும். எண்ணத் தொடங்கினேன். நூற்று நாற்பது வரை வந்தபோது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் உள்ளே புகுந்து கணக்குத் தவறிவிட்டது. நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். பொருளைப் பார்த்தால் எண்ணாமல் இருக்க முடியாது. மனம் சரியில்லாத நாளில் இன்னும் அதிகமாக எண்ணுவேன்.

மாடியில் ஆடைகள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். லம்பாடிப் பெண்களின் கண்ணாடி பதித்த பாவாடைகள், மைசூர்ப் பட்டு, பட்டன் வைத்த நீளக் கோட்டுகள். அவற்றையெல்லாம் கடந்து கடைசி அறைக்குப் போனால், தலையில்லாத பொம்மை ஒன்றின் மேல் வெள்ளைச் சாட்டின் கவுன். கழுத்தில் லேஸ். முதுகில் மேலிருந்து கீழே, துணி சுற்றிய சிறு பொத்தான்கள். எண்ணினேன். இருபத்து நான்கு. மேலிருந்து ஏழாவது மட்டும் துணி சுற்றியதில்லை, வெறும் சட்டைப் பொத்தான்.

அந்த ஏழாவது பொத்தான் எனக்குத் தெரியும்.

தெருவில் எல்லோருக்கும் அவர் கவுன் வீட்டு ஆன்ட்டி. கண்டோன்மென்டை விட்டுச் சீமைக்குப் போன ஒரு வெள்ளைக்காரியிடமிருந்து அவருடைய அப்பா வாங்கிய கவுன் அது என்பார்கள். அவரும் அதைப் போட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அதன் பிறகு, கவுன் வாங்க வழியில்லாத எங்கள் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கெல்லாம் அதுதான் கல்யாணக் கவுன். வாடகை கிடையாது. மறுநாள் துவைக்காமல் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான். அவரே துவைத்து, வெள்ளை மஞ்சளாகாமல் இருக்க நீலக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்.

இன்னொரு விதியும் உண்டு. கத்தரிக்கோல் படக்கூடாது. பக்கவாட்டில் நாலு விரல் துணி உள்ளே மடித்துக் கிடக்கும். தடித்த பெண்ணுக்கு அதைப் பிரித்து விடுவார். ஒல்லிப் பெண்ணுக்கு உள்ளே பிடித்துத் தைப்பார். கல்யாணம் முடிந்ததும் தையலைப் பிரித்துவிடுவார். சாட்டினில் ஊசி போன இடம் மறையாது. அதனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு துளை வரிசை அந்தத் துணியில் தங்கிவிட்டது. நான் அறிந்து பத்தொன்பது பேர் அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

அளவு எடுக்கும்போது அறைக்குள் அவரும் பெண்ணும் மட்டும்தான். பெண்ணின் அம்மாவாக இருந்தாலும் வெளியே உட்கார வேண்டும். உள்ளே என்ன நடக்கும் என்பதை என் மனைவி உயிரோடு இருந்தபோது சொன்னாள். அவள் பக்கத்துத் தெரு. அவளுடைய அக்கா அந்தக் கவுனைப் போட்டவர்களில் ஒருத்தி. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பைச் சுற்றி வருவாராம். எல்லா ஊசியும் குத்தி முடிந்து வாய் காலியானதும் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கேட்பாராம்:

"இந்தக் கல்யாணம் ஒனக்கு வேணுமா, வாணாமா?"

டீயைக் கேட்கிற அதே குரலில்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று சாமியார் ஊரைக் கேட்பார். கல்யாணத்தன்று பீடத்தின் முன் பெண்ணையும் கேட்பார். அப்புறம் இவர் எதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்? என் மனைவியின் அக்காவே அதைக் கேட்டிருக்கிறாள். "கோயில்ல கேக்கறப்ப முன்னூறு பேர் பாத்துக்கினு இருப்பாங்க. அங்க நின்னுக்கினு எந்தப் பொண்ணு வாணாம்னு சொல்லும்?" என்றாராம் ஆன்ட்டி.

வேணும் என்று சொன்ன பெண்ணுக்குக் குறித்த நாளுக்கு முன்பே கவுன் தயாராகிவிடும். அழுத பெண்ணுக்கும், 'சரி' என்ற பெண்ணுக்கும் ஆகாது. கவுனை வாங்கப் போகிறவர்களிடம், "இன்னும் ரெடியாகல" என்பார். ஏன் என்று சொல்லமாட்டார். மிஷின் ரிப்பேரா, உடம்பு சரியில்லையா என்று கேட்டால், "ரெடியாகல, அவ்ளோதான்." பெண்ணின் பெயர் வெளியே வராது. திட்டு முழுவதும் அவருக்கு.

இப்படி அவர் நிறுத்தி வைத்தது, என் கணக்கில், நான்கு முறை.

முதலாவது சரியாக அமைந்தது. பெண் அழுதுகொண்டே நின்றாளாம். கவுன் ரெடியாகவில்லை என்று ஒரு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கவயலில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரியவந்தது. தெருவே அவரைத் தேடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. பொண்ணு மூஞ்சி நல்லா இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாவது பெண்ணின் வீட்டார் கவுனே வேண்டாம் என்று வெள்ளைப் புடவையில் குறித்த நாளில் நடத்திவிட்டார்கள். அந்தப் பெண் நன்றாக இருந்தாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பம்பாய்ப் பக்கம் போய்விட்டாள்.

மூன்றாவதுதான் தப்பாகிப்போனது. அந்தப் பெண் மிகவும் பயந்த சுபாவம். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, 'சரி' என்று சொல்லிவிட்டாள். கவுன் ரெடியாகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அவள் ஆன்ட்டியின் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்க, "எனக்கு இஷ்டந்தான்னு ஒங்களுக்கு எப்படிச் சொல்லணும்? ஆடிக்காட்டணுமா?" என்று கத்தினாள். ஆன்ட்டி வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை நின்று கேட்டார். பிறகு என் அம்மாவிடம், "நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்போல" என்றாராம். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. அடுத்து வந்த பெண்ணையும் கேட்டார்.

அவருடைய கல்யாணத்தைப் பற்றி ஒரே ஒருமுறை அவர் பேசிக் கேட்டிருக்கிறேன். டீ குடித்த இரண்டு நாட்களில் ஒரு நாள். அவருடைய கணவர் ரயில்வேயில் இருந்தவர், சத்தமே இல்லாத மனிதர், இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "நல்ல மனுசன்தான். கைநீட்டினதில்ல, குடிச்சதில்ல" என்றார். பிறகு, "சாமியார் என்னியக் கேக்கறப்ப வெளிய பேண்டு வாசிக்க ஆரம்பிச்சுட்டான். நான் என்னா சொன்னேன்னு எனக்கே காதுல விழல" என்று சொல்லிவிட்டு, என் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போது அவருக்குப் பதினாறு வயதாம்.

நான்காவது, என் அக்கா.

அக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எனக்கு இருபது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள். மாப்பிள்ளை வேலூர்க்காரர், வடக்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை. அப்பாவுக்கு மிகவும் பிடித்த இடம். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா வேலையை விட வேண்டும் என்றார்கள். அப்பா ஒப்புக்கொண்டார். மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. புதன்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை காலையில் கவுனை வாங்கிவர என்னை அனுப்பினார்கள்.

"இன்னும் ரெடியாகல" என்றார்.

மேஜை மேல் கவுன் கிடந்தது. இரண்டு பக்கத் தையலும் பிரித்து, உள்துணி வெளியே தெரிய. பொத்தான்களை எண்ணிக்கொண்டு நின்றேன். இருபத்து நான்கு, ஏழாவது மாற்றுப் பொத்தான்.

"எப்ப ரெடியாகும் ஆன்ட்டி?"

"அது என் கையில இல்ல."

ஒரு கவுனுக்காகவா கல்யாணம் நிற்கும் என்று கேட்பீர்கள். கவுனால் நிற்காது. பேச்சு வளர்ந்தால் நிற்கும். அப்பா வெள்ளைப் புடவைக்கு ஆள் அனுப்பினார். வந்திறங்கியிருந்த மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வூட்டு மருமவங்க நாலு பேரும் கவுன்தான். வெள்ளப் பொடவ கட்டிக்கினு வர்றதுக்கு இவ என்ன தாலியறுத்தவளா?" என்றார். அப்பா, "நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, கவுனு பாக்க வந்தீங்களா?" என்றார். சாயங்காலத்துக்குள் அவர்கள் ரயிலேறிவிட்டார்கள்.

அப்பா சாகும்வரை ஆன்ட்டியோடு பேசவில்லை. "ஒரு தையல்கூடப் போடலை. பொறாமைக்காரி. தனக்கு வாய்க்காதது யாருக்கும் வாய்க்கக் கூடாது" என்று எல்லோரிடமும் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காவுக்கு அதன் பிறகு ஏதும் அமையவில்லை. எக்ஸ்சேஞ்சிலேயே இருந்து ஓய்வு பெற்றாள். வியப்பு என்னவென்றால், எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான் ஆன்ட்டி வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அப்பா சத்தம் போடுவார். அவள் பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போவாள். ஆன்ட்டி இறந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். சவப்பெட்டிக்குள் பூ வைத்ததும் அக்காதான் என்று கேள்விப்பட்டேன்.

மியூசியத்தில் கவுனுக்குள் ஒரு சிறு விளக்கு வைத்திருந்தார்கள். பின்னால் ஒரு கண்ணாடி. பக்கவாட்டுத் துணியைக் கொஞ்சம் விரித்து, ஊசித் துளைகள் வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். கீழே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டை. ஒரே பெண்மணியின் உடல் மாற மாற, பல வருடங்களில் பலமுறை திருத்தப்பட்ட கவுன் என்றும், அவருடைய பெயர் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தது.

நான் விரலைக் கண்ணாடி மேல் வைத்து வரிசைகளை எண்ணினேன். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பதிமூன்றுக்கு மேல் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் உள்ளே, தனியாக, இடுப்பில் ஒடுங்கி ஒரு வரிசை இருந்தது. அவ்வளவு ஒல்லியாக அந்தத் தெருவில் ஒருத்திதான் இருந்தாள், என் அக்கா. அக்குளிலிருந்து விளிம்புவரை துளை விடுபடவே இல்லை. முழுவதும் தைத்திருந்தார்.

"அங்கிள், கண்ணாடியத் தொடக் கூடாது."

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண். ஓசூர்ப் பெண்ணாம், அப்புறம் சொன்னாள்.

"தொடலம்மா, எண்ணுறேன்."

"என்னாத்த?"

"தையலை. இது ஒரு லேடி போட்டதில்ல. பத்தொன்பது பேர் போட்டது."

அவள் என்னையும் கவுனையும் பார்த்தாள். "ஒரே கவுன்லயா?"

"ஒரே நாள்ல இல்லம்மா."

சிரித்துவிட்டாள். நான் சுருக்கமாகச் சொன்னேன். என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவள் பொறுமையாகவே கேட்டாள். "அய்யோ, மேடம் ஒரே லேடி குண்டாயி எளச்சி குண்டாயின்னு பசங்களுக்கு வெளக்கிட்டு இருக்காங்களே. அந்த ஆன்ட்டி பேர் சொல்லுங்க அங்கிள், நான் மேடம்கிட்ட சொல்றேன். போர்டுல போட்டுருவாங்க."

பெயர் நாக்குவரை வந்தது. அவரைக் கேட்காமல் அவர் பெயரை எப்படிக் கொடுப்பது என்று நின்றுவிட்டேன். அவருக்குப் பெயர் போட வேண்டுமா, வேண்டாமா? அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"மறந்துபோச்சும்மா" என்றேன்.

"பரவால்ல, ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்று போய்விட்டாள். இங்கேயும் அதனால்தான் அவர் பெயரை எழுதவில்லை.

கீழே இறங்கி, சாய்வில்லாத பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன். ஐந்தாவது மணியில் எடுத்தாள். எக்ஸ்சேஞ்ச் பழக்கம், இன்றும் முதலில் மறுமுனை பேசக் காத்திருப்பாள்.

"அக்கா, நான்தான்."

"எங்கடா இருக்க? எதிரொலிக்குது."

"மியூசியத்துல."

"ஒன்னிய வாங்கிக்கிறாங்களா?"

"கவுனப் பாத்தேன், அக்கா. ஆன்ட்டி கவுன். இங்க கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க."

"லைட்டு போட்டு வச்சிருக்காங்களா? மஞ்சளாயிடுமே. நீலக் காயிதம் சுத்தி வெக்கச் சொல்லு."

"உன் தையல் இருக்கு. எல்லாத்துக்கும் உள்ள. முழுசா தெச்சிருக்காங்க. அப்பா ஒரு தையல்கூடப் போடலன்னு சொன்னாரே."

"அப்பா எங்க பாத்தாரு? நான் போட்டே பாத்தேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம், பூசை முடிஞ்சு. நல்லாத்தான் இருந்துச்சு. நிலக்கண்ணாடிய முன்னால இழுத்துப் போட்டுக் காமிச்சாங்க."

"அப்புறம் ஏன் பிரிச்சாங்க?"

"கேட்டாங்க. எல்லாரையும் கேக்கறதத்தான்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னு சொன்னேன்."

பள்ளிக்கூடக் கூட்டம் படியில் தடதடவென்று இறங்கியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அவங்க அப்படியே நின்னாங்க" என்றாள் அக்கா. "நானும் நின்னேன். இருட்டிப்போச்சு. அப்புறம் பிளேட எடுத்தாங்க. சாட்டின் வழுக்கும்ல, பிரிக்கறப்ப இன்னொருத்தர் இழுத்துப் புடிக்கணும். நான் புடிச்சிக்கினேன்."

"அப்ப உனக்கு அந்தக் கல்யாணம்…"

"அது முடிஞ்சு போச்சுடா. இப்ப கேட்டு என்ன பண்ணப் போற?"

அவள் சொன்னது சரிதான். அதைக் கேட்டு ஒன்றும் செய்வதற்கில்லை. இன்னொன்றைக் கேட்க முடியும். கேட்டால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. அந்தக் குளியலறையும் ஈரத் தரையும் கண்ணில் நின்றன. இல்லத்தில் அவளுக்கு ஜன்னலோர அறை சொல்லிவைத்து, வேனும் பேசி, அவள் கட்டிலை ஒருவருக்குக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

"அக்கா. ஞாயித்துக்கெழம அங்க போறது. ஒனக்கு வேணுமா, வேணாமா?"

"சரின்னு சொன்னேனே."

"சரின்னா?"

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் தெருவில் தள்ளுவண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். நான் ஹலோ என்று சொல்லவில்லை. எதிரே பதினொரு நாற்காலிகள். எண்ணவில்லை, முன்பே எண்ணியதுதான்.

"அவங்க மாதிரியே கேக்கற" என்றாள். பிறகு, ஆபரேட்டர் குரலில், தெளிவாக: "ஞாயித்துக்கெழம வேன்காரன் வந்தான்னா, கவுன் இன்னும் ரெடியாகலன்னு சொல்லிடு."

வைத்துவிட்டாள்.

டோக்கன் சட்டைப் பையில்தான் இருந்தது. செக்யூரிட்டி குடையைக் கொடுத்தபோது வெளியே தூறிக்கொண்டிருந்தது. "சொன்னேன்ல சார், உள்ளாற பெய்யல" என்றார். ஆட்டோவில் ஏறியதும் மகன் கூப்பிட்டான்.

"அப்பா, வேன் எட்டு மணிக்குச் சொல்லிடட்டா?"

"வேணாம். இன்னும் ரெடியாகல."

"எது ரெடியாகல?"

ஆன்ட்டி நிறுத்தி வைத்தவை நான்கு. ஒன்று சரியானது, ஒன்று தெரியாது, ஒன்று பெரும் தவறு. நான்காவதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இன்றும் தெரியவில்லை. இது ஐந்தாவது. அக்கா மறுபடி விழுந்தால் திட்டு முழுவதும் எனக்கு. மகன் லைனிலேயே இருந்தான். "ஏம்ப்பா, திரும்பப் பாத்ரூம்ல விழுந்தாங்கன்னா?" என்று கேட்டான். குளியலறைக்கு இரண்டு கைப்பிடி போடலாம், வழுக்காத கல் பதிக்கலாம், நாளைக்கே ஆளை அனுப்பு என்றேன். பகலில் துணைக்கு ஒரு பெண்ணையும் பார்க்கச் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டுச் சரி என்றான்.

வைத்த பிறகுதான் நினைவு வந்தது. கைப்பிடியையும், கல்லையும், துணைக்கு வரும் பெண்ணையும் பற்றி நான் அக்காவைக் கேட்கவில்லை.